ஓட்டுக் கூரைக்குக் கொக்கி ஏணி: வீட்டிலேயே செய்ய நினைப்போர் கேட்கும் கேள்விகள்

புரட்டாதி பிறந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூரைப் பேச்சு தொடங்கிவிடும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று மாதக்கணக்கில் உலர்த்திய ஓடுகளில் எங்கே கீறல் விழுந்திருக்கிறது, எது விலகியிருக்கிறது என்பது ஐப்பசியின் முதல் பெருமழை வரை யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதான். எப்படி ஏறுவது என்பதில்தான் கூரையும் கெடுகிறது, மனிதரும் விழுகிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய கொக்கி ஏணி பற்றி அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கொக்கி ஏணி என்றால் என்ன?

சுவரில் சாய்த்து வைக்கும் ஏணி நம்மைத் தாழ்வாரம் வரைதான் கொண்டு போகும். அதற்கு மேல் கூரைச் சரிவின் மீது படுத்துக் கிடக்கும் இன்னொரு ஏணி தேவை. அதன் மேல் முனையில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கும். அவை முகட்டைத் தாண்டி எதிர்ச் சரிவில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஓட்டை மிதிக்காமல் ஏணியின் படிகளில் கால் வைத்து, உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யலாம்.

இதன் முதல் பயன் ஏறுபவருக்கு. இரண்டாவது பயன் ஓட்டுக்கு. ஓட்டை மிதிக்கும்போது உங்கள் முழுப் பாரமும் ஒரு குதிகாலளவு இடத்தில் இறங்குகிறது. ஏணியில் அதே பாரம் பல வரிசை ஓடுகளுக்குப் பகிர்ந்து போகிறது. பல வீடுகளின் ஒழுக்குக்குக் காரணம் மழையும் அல்ல, காற்றும் அல்ல, போன வருடம் ஒழுக்கைத் திருத்த ஏறியவரின் கால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஓர் ஓட்டை மாற்றிவிட்டு இறங்கும் வழியில் நான்கு ஓட்டில் மயிரிழைக் கீறல் விட்டு வருவது சாதாரணமாக நடக்கிறது. அந்தக் கீறல் அன்று கண்ணுக்குத் தெரியாது; கார்த்திகையில்தான் தெரியும்.

எங்கள் ஊர் ஓடாவியார் (தச்சர்) ஏணியே இல்லாமல் ஏறி வேலை செய்கிறாரே?

செய்வார். ஓடுகளைத் தாங்கும் குறுக்கு மரமான சலாகை எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். மேல் ஓட்டின் அடிநுனி கீழ் ஓட்டின் தலையில் படியும் இடத்துக்கு நேர் கீழே சலாகை இருக்கும். அந்த இடத்தில் மட்டும் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து நடப்பார். சில இடங்களில் ஓட்டைக் கழற்றிவிட்டு, முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை சரிந்து இறங்கும் கைமரத்தின் மேல் நிற்பார். அது பல வருடப் பழக்கத்தில் வந்த கால். வருடத்தில் ஒரு நாள் கூரை ஏறும் நமக்கு அந்தக் கால் இல்லை. அவருக்குமே வயது போன சலாகையும் உளுத்த கைமரமும் துரோகம் செய்யும். நல்ல ஓடாவிமார் கொக்கி ஏணியைக் கண்டால் மறுக்காமல் பயன்படுத்துகிறார்கள்.

கடையில் வாங்க முடியாதா?

அலுமினிய ஏணிகளும் அவற்றுக்குப் பூட்டும் கொக்கிகளும் உலகில் விற்கத்தான் விற்கிறார்கள். நம் பக்கத்து ஹாட்வெயார்களில் சாதாரணச் சாய்மான ஏணிதான் எளிதில் கிடைக்கும். கொக்கி உங்கள் கூரையின் கோணத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதால் வீட்டில் செய்வதே பொருத்தம்.

எந்தக் கூரைக்கு இது சரி, எதற்குச் சரியில்லை?

கள்ளிக்கோட்டை ஓடு போட்ட, முகடு உள்ள, ஒரு மாடி வீட்டுக் கூரைக்கு மிகச் சரி. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அச்சு ஓட்டின் வழிவந்ததுதான் நம் வீடுகளில் உள்ள இந்த ஓடு. ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வரும், அகலம் ஓர் அடிக்குள் இருக்கும். அரைவட்ட நாட்டு ஓட்டுக்கும் ஏணியைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஓடு எதிலும் பூட்டிக்கொள்ளாமல் சும்மா அடுக்கி வைத்தது. ஏணியை இழுத்தால் வரிசையே குலையும், தூக்கித்தான் வைக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரையில் இந்த ஏணியை நம்பி ஏறாதீர்கள். வயதான சீற் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரேயடியாக உடையும்; உடைந்தால் நீங்கள் நேரே அறைக்குள் விழுவீர்கள். அதன் தூசும் நுரையீரலுக்குக் கேடு. அந்தக் கூரைக்கு உள்ளிருந்து சாரம் கட்டி, கைமரத்தில் பாரத்தை இறக்கி வேலை செய்யத் தெரிந்தவரை அழைப்பதே முறை. மிகச் செங்குத்தான கூரைக்கும் மாடி வீட்டுக்கும் இதே பதில்தான்.

என்ன மரம் வாங்குவது?

நீண்ட இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நேரான நார் ஓடும், கணு இல்லாத மரம் வேண்டும். தேக்கு நல்லது, முற்றிய வேம்பும் ஆகும். முதிரை உறுதியில் யாருக்கும் குறைந்ததல்ல, ஆனால் சட்டத்துக்கு அதைப் போட்டால் ஏணியைத் தூக்கவே நான்கு பேர் வேண்டும். முதிரைத் துண்டு கிடைத்தால் படிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் மூன்று அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். படி இரண்டுக்கு ஒன்று. பலகைக் கடையில் ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணருகே பிடித்து நுனியிலிருந்து நுனி வரை பாருங்கள். முறுக்கு இருந்தால் வேண்டாம். கணு இருக்கும் சட்டத்தைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். சட்டம் முறிந்தால் கணுவில்தான் முறியும். பழைய வீடு இடித்த மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் என்பதால் அது ஒரு நல்ல வழி. ஆணித் துளைகள் இல்லாத பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஏணியின் நீளத்தை எப்படித் தீர்மானிப்பது? கூரையில் ஏறி அளக்க வேண்டுமா?

வேண்டாம். கீழே நின்றே அளக்கலாம். முகட்டுக்கு நேர் கீழிருந்து தாழ்வார நுனி வரை உள்ள தூரத்தைத் தரையில் அளந்துகொள்ளுங்கள். வீட்டின் அகலம் இருபது அடி, தாழ்வாரம் சுவருக்கு வெளியே இரண்டு அடி நீண்டிருக்கிறது என்றால் அந்தத் தூரம் பன்னிரண்டு அடி.

அடுத்தது சரிவு. முக்கோணச் சுவர்ப் பக்கத்தில் வெளியே தெரியும் கைமரத்தின் அடிப்பக்கத்தில் நீர்மட்டக் கருவியைக் கிடையாகப் பிடியுங்கள். பன்னிரண்டு அங்குலக் கிடைத் தூரத்தில் கைமரம் எத்தனை அங்குலம் உயருகிறது என்று பாருங்கள். ஏழு அங்குலம் என்றால் சரிவு ஏறக்குறைய 30 பாகை. ஆறு என்றால் 26 பாகைக்குச் சற்று மேல். 30 பாகைக் கூரையில் பன்னிரண்டு அடிக் கிடைத் தூரத்துக்குச் சரிவின் நீளம் ஏறக்குறைய பதினான்கு அடி வரும்.

ஏணியின் மேல் முனை முகட்டுக்கு அரை அடி கீழே நிற்க வேண்டும். கீழ் முனை தாழ்வார நுனியை எட்டினால் போதும், வெளியே நீட்ட வேண்டாம். நீட்டினால் அதில் கால் வைத்தவுடன் மேல் முனை எழும்பும். ஆகவே மேலே சொன்ன வீட்டுக்குப் பதின்மூன்றரை அடிச் சட்டம் போதும்.

படிகளை ஆணி அடித்தால் போதாதா?

போதாது. இந்த ஒரு விடயத்தில் யாருடனும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

ஆணியில் மட்டும் நிற்கும் படி, ஒவ்வொரு மிதிக்கும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் துளையைப் பெரிதாக்கும். கடலிலிருந்து சில கிலோமீற்றருக்குள் இருக்கும் நம் ஊர்களில் உப்புக் காற்று அந்தத் துளைக்குள் போய் ஆணியைத் தின்னும். வெளியே தலை முழுதாக இருக்கும், உள்ளே கழுத்து அற்றுப் போயிருக்கும்.

சட்டத்தின் மேல் விளிம்பில், படியின் அகலத்துக்குச் சரியாக, அரை அங்குல ஆழத்துக்கு உளியால் வெட்டு எடுங்கள். படி அந்த வெட்டுக்குள் கையால் அழுத்தினால் இறுக்கமாக உட்கார வேண்டும். சரிவில் நிற்கும்போது உங்கள் பாரம் படியைக் கீழ்நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது வெட்டின் தோள். திருகாணிக்கு மிஞ்சுவது படியை வெட்டிலிருந்து எழும்ப விடாமல் வைக்கும் சின்ன வேலைதான். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு, நாகம் (துத்தநாகம்) பூசிய இரண்டங்குலத் திருகாணி போடுங்கள். முதலில் மெல்லிய துளை இட்டுவிட்டுத்தான் முறுக்க வேண்டும், இல்லையேல் படியின் நுனி பிளக்கும்.

படிக்குப் படி ஓர் அடி. இரு சட்டங்களின் வெளிவிளிம்புகளுக்கிடையே பதினைந்து அங்குலம். அதைவிட ஒடுக்கினால் இரண்டு கால்களையும் ஒரே படியில் வைத்து நிற்க முடியாது, வேலை செய்யும்போது அப்படித்தான் நிற்க வேண்டி வரும். அதைவிட அகட்டினால் ஏணி பாரமாகும்.

கொக்கியை எப்படிச் செய்வது?

ஏணியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் வார்ப்பு, அதாவது உண்மை அளவு மாதிரி. கைமரத்துச் சரிவை அளந்தீர்கள் அல்லவா, அதைக் கொண்டு தரையிலோ பெரிய கார்ட்போர்டிலோ இரண்டு கூரைச் சரிவுகளையும் உண்மை அளவில் வரையுங்கள். இரண்டு பக்கமும் 30 பாகை என்றால் முகட்டின் உட்கோணம் 120 பாகை. அதன் மேல் முகட்டு ஓட்டையும் வரைந்துகொள்ளுங்கள். இப்போது கொக்கி எங்கே போக வேண்டும் என்று கண்ணால் பார்க்கலாம். வெல்டிங் கடைக்கு வாய்ச்சொல்லோடு போகாமல் இந்த வார்ப்போடு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

இரும்பு: ஒன்றரை அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்புள்ள பட்டை இரும்பு. ஒரு கொக்கிக்கு மூன்று அடி போதும். பட்டையின் ஒரு பகுதி ஏணிச் சட்டத்தின் மேல் விளிம்பில் படிந்து, ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளியில் இரண்டு எட்டு மில்லிமீற்றர் போல்ற்களால் சட்டத்தை ஊடுருவிப் பூட்டப்படும். ஆணியும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம், போல்ற்றும் வாஷரும் நட்டும்தான். மீதி முகட்டைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஒன்றேகால் அடி இறங்க வேண்டும்.

கொக்கி முகட்டு ஓட்டைத் தொடவே கூடாது. முகட்டு ஓடு சாந்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் பாரம் விழுந்தால் சாந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் இறங்கும் தண்ணீர் நேராக முகட்டைத் தாங்கும் மரமான வளைக்குப் போகும். வளை உளுத்தால் கூரை முழுவதையும் இறக்க வேண்டிவரும். ஆகவே கொக்கிக்கும் முகட்டு ஓட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். வார்ப்பில் அந்த இடைவெளி வரவில்லை என்றால் பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு மரக்கட்டை வைத்துப் பட்டையை உயர்த்திப் பூட்டுங்கள்.

எதிர்ச் சரிவில் இறங்கும் இரு நுனிகளையும் ஒரே குறுக்குக் கட்டையில் பூட்டுங்கள். இரண்டடி நீளம், மூன்றுக்கு இரண்டு மரம் போதும். கொக்கியின் பிடி முழுவதும் இந்தக் கட்டை வழியாகவே ஓடுகளில் பரவும். இது இல்லாமல் இரும்பு நுனியே ஓட்டில் குத்தி நின்றால், முதல் ஆள் ஏறும்போதே இரண்டு ஓடு போய்விடும்.

வளைப்பதைப் பற்றி ஒரு சொல். பட்டையை வளைக்கும்போது வார்ப்பின் கோணத்தைவிட இரண்டு மூன்று பாகை இறுக்கமாக வளைக்கச் சொல்லுங்கள். அப்போது குறுக்குக் கட்டை எதிர்ச் சரிவில் முதலில் அழுத்திப் பிடிக்கும். விரிந்த கோணத்தில் வளைந்துவிட்டால் கட்டை அந்தரத்தில் நிற்க, கொக்கி முகட்டு ஓட்டில் உட்காரும். கட்டிட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்யலாமா என்று கேட்பவர்கள் பலர். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அதில் உயிரை வைக்க வேண்டாம்.

அடியில் ஏதாவது ஒட்ட வேண்டுமா?

சட்டங்களின் அடி விளிம்பிலும் குறுக்குக் கட்டையின் அடியிலும் பழைய சைக்கிள் டயரையோ தடித்த டியூப்பையோ வெட்டிப் பொருத்துங்கள். ஓட்டுக்கு மெத்தையாகவும் இருக்கும், வழுக்காமலும் பிடிக்கும். அடிக்கும் சின்ன ஆணிகள் சட்டத்தின் பக்கவாட்டில் இருக்கட்டும். அடியில் அடித்தால் றப்பர் தேய்ந்த நாளில் ஆணித்தலை ஓட்டைத் தொடும்.

வீட்டில் இருக்கும் மூங்கில் ஏணியில் கொக்கியைக் கட்டிவிட்டால் ஆகாதா?

ஆகாது. மூங்கிலுக்குப் போல்ற் துளை போட்டால் அந்த இடத்திலேயே பிளக்கும். கயிற்றால் கட்டினால் வெயிலில் தளரும்.

ஏறுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

முதலில் தரையில். படியின் இரு நுனிக்கும் கீழே செங்கல் வைத்து, உங்கள் வீட்டில் அதிகப் பாரமானவர் ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று குதிகாலால் அழுத்திப் பார்க்கட்டும். சத்தம் வந்த படியை அன்றே மாற்றுங்கள்.

பிறகு கூரையில், யாரும் ஏறாமல். ஏணியைக் கொக்கியிட்டு வைத்துவிட்டு, கீழ்ப்படியில் தடித்த கயிறு கட்டித் தாழ்வார நுனியில் ஒரு சாக்கு மடித்து வைத்து, அதன் மேலாகக் கயிற்றைத் தொங்கவிட்டு இருவர் கீழே நின்று சேர்ந்து இழுக்கட்டும். 30 பாகைச் சரிவில் நிற்பவரின் பாரத்தில் பாதிதான் ஏணியைச் சரிவு வழியே கீழ்நோக்கி இழுக்கும். ஓட்டை அழுத்தும் பங்கு அதைவிட அதிகம். எனவே இரண்டு பேர் உடலைச் சாய்த்து இழுத்தும் அசையாத கொக்கி ஒருவரைத் தாங்கும். இழுத்த பின் எதிர்ப்பக்கம் போய்க் குறுக்குக் கட்டை சரிவில் முழுதாகப் படிந்திருக்கிறதா, முகட்டு ஓட்டுக்கு மேல் இடைவெளி இன்னும் இருக்கிறதா என்று தரையிலிருந்து பாருங்கள்.

இவ்வளவு பாரமான ஏணியைக் கூரைக்கு எப்படி ஏற்றுவது?

தேக்கில் செய்தால் கொக்கியோடு சேர்த்து இருபத்தைந்து கிலோ அளவில் வரும். இரண்டு பேர் வேண்டும், தனியாளாக முயலாதீர்கள்.

கொக்கி மேலே பார்க்கும்படி ஏணியைப் புரட்டிப் பிடித்து, சரிவில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முகட்டைத் தாண்டியதும் புரட்டினால் கொக்கி எதிர்ப்பக்கம் விழுந்து பிடிக்கும். புரட்டும்போது மெதுவாக. குறுக்குக் கட்டை தொப்பென்று விழுந்தால் ஓடு உடையும். தள்ளும்போது படிகள் ஓட்டில் உராயாமல் இருக்க, மேல் முனைக்கு அருகே மேல்பக்கத்தில் இரண்டு சின்னச் சக்கரம் பூட்டலாம். சிறுபிள்ளைகளின் மூன்றுசில்லுச் சைக்கிள் பின்சில்லுகள் இதற்கு நன்றாகப் பொருந்தும். புரட்டிய பின் அவை வானத்தைப் பார்த்திருக்கும், வேலைக்குத் தடையில்லை.

கொக்கி பிடித்துவிட்டது. அவ்வளவுதானே?

இல்லை. ஏணியின் மேல் படியில் ஒரு நல்ல நைலோன் கயிற்றைக் கட்டி, முகட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இறக்கி, அந்தப் பக்கத்துத் தூணிலோ தென்னையிலோ இறுக்கிக் கட்டுங்கள். இதைப் புரட்டுவதற்கு முன்பே மேல் படியில் கட்டிவிட்டால் பிறகு ஏறிக் கட்ட வேண்டியதில்லை. நிறுத்திய வாகனத்தில் கட்டக் கூடாது. யாராவது எடுத்துக்கொண்டு போனால் ஏணியும் ஆளும் கூடவே போவார்கள்.

ஏறுபவருக்கு உடல் முழுவதும் மாட்டும் பாதுகாப்புப் பட்டி கிடைத்தால் அதை மாட்டி, அதற்குத் தனிக் கயிறு கட்டுங்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டிக்கொண்டு விழுந்தவரின் முதுகும் வயிறும் படும்பாடு பெரிது.

தாழ்வாரத்துக்கு வரும் சாய்மான ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி ஊன்றுங்கள். அது தாழ்வாரத்துக்கு மேலே மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஏணியிலிருந்து மற்றதற்கு மாறும் அந்த ஒரு நொடிதான் இந்த வேலையிலேயே ஆபத்தானது. பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் மின்கம்பி எந்த மூலையில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அந்த மூலையிலிருந்து விலகி ஏணியை வையுங்கள். மரம் காய்ந்திருந்தாலும் கொக்கி இரும்பு.

ஒழுகும் ஓடு எது என்று மேலே போய்த் தேடுவதா?

கீழேயே தேடி முடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பகலில் அறையை இருட்டாக்கி அண்ணாந்து பார்த்தால் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். தண்ணீர் சொட்டும் இடமும் வெடிப்பு இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது; தண்ணீர் சலாகையையும் கைமரத்தையும் பிடித்துக்கொண்டு சில அடி ஓடிய பின்தான் சொட்டும். ஆகவே கறை படிந்த இடத்திலிருந்து சரிவில் மேல்நோக்கித் தேடிப் போங்கள்.

கண்டுபிடித்த வெடிப்பில் உள்ளிருந்து ஒரு தென்னை ஈர்க்கைச் சொருகி வெளியே நீட்டிவிடுங்கள். கூரைக்கு வெளியே எல்லா ஓடும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஈர்க்கு நிற்கும் ஓடு மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அடைப்புப் பலகை அடித்த வீடுகளுக்கு இந்த வழி உதவாது, அங்கே சுவரிலிருந்து எத்தனையாவது வரிசை என்று அளந்து எண்ணத்தான் வேண்டும்.

உடைந்த ஓட்டை எடுத்துப் புதியதைப் போடுவது எப்படி?

ஏணியை உடைந்த ஓட்டின் மேல் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

கூடவே இரண்டு மர ஆப்புகள் தேவை. அரை அடி நீளம், ஒரு பக்கம் ஓர் அங்குலத் தடிப்பு, மறுபக்கம் கூர்ந்து மெலிந்தது. இவற்றை ஏணி செய்து மிஞ்சிய மரத்திலேயே சீவிவிடலாம். உடைந்த ஓட்டின் தலையை மூடியிருக்கும் மேல்வரிசை ஓடுகளைக் கையால் தூக்கி அடியில் ஆப்பைக் கொடுங்கள். பக்கத்தில் அதன் விளிம்பை மூடியிருக்கும் ஓட்டையும் கொஞ்சம் உயர்த்துங்கள். உடைந்த ஓட்டை அரை அங்குலம் மேல்நோக்கித் தள்ளித் தூக்கினால் அதன் அடியிலுள்ள குமிழ் சலாகையிலிருந்து விடுபடும். பிறகு கீழ்நோக்கி உருவி எடுக்கலாம். இரண்டு துண்டாக இருந்தால் தலைத் துண்டு சலாகையில் மாட்டிக்கொண்டே இருக்கும், அதை மறந்துவிட்டுப் புதிய ஓட்டைச் சொருகினால் அது உட்காராது.

புதியது போகும் வழி அதேதான், தலைகீழ் வரிசையில். உள்ளே தள்ளிய பின் மெதுவாகக் கீழே இழுத்துப் பாருங்கள். குமிழ் சலாகையில் மாட்டியிருந்தால் ஓடு நிற்கும். அதை உறுதி செய்யாமல் ஆப்பை எடுக்காதீர்கள்.

ஓட்டைத் தூக்கித் தர ஒருவர் கீழே இருக்க வேண்டும். வாளியில் கயிறு கட்டி ஒரு தடவைக்கு மூன்று நான்கு ஓடு. கூரையில் அடுக்கி வைக்க வேண்டாம்.

புதிய ஓடு பழையதோடு பொருந்தவில்லையே?

தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அச்சு சற்றுச் சற்று மாறும். உடைந்த ஓட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். அடியில் இருக்கும் முத்திரை உதவும். இதைவிட நல்ல வழி, வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்தோ கோழிக்கூட்டிலிருந்தோ பழைய ஓடுகளை எடுத்து முன்பக்கத்துக்குப் போட்டுவிட்டு, புதியவற்றைப் பின்னால் போடுவது. பழைய ஓட்டை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் கீறல் இருக்கிறது.

ஓட்டை மாற்றாமல் வெடிப்பில் சீமெந்து பூசினால்?

ஒரு வெயில் காலம் போதும், பூச்சு ஓட்டிலிருந்து விட்டுவிடும். விட்ட இடத்தில் தண்ணீர் தேங்கி, முன்பைவிட அதிகமாக உள்ளே வரும். நடு மழையில் அவசரம் என்றால், உள்ளிருந்தே உடைந்த ஓட்டுக்கும் அதன் கீழ் ஓட்டுக்கும் இடையில் ஒரு தகரத் துண்டைச் சொருகிவிட்டு, வெயில் வந்த பின் ஓட்டை மாற்றுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஆவணியும் புரட்டாதியும். காலை வெயில் ஏறுமுன். மழை பெய்த மறுநாள் ஏறக் கூடாது. ஓட்டுப் பாசி காய்ந்தது போலத் தெரியும், கை வைத்தால் வழுக்கும். கச்சான் வீசும் நாட்களிலும் வேண்டாம். நண்பகலுக்குப் பின் காற்று திடீரென்று பலக்கும்.

ஏணி போட்டு ஏறியபோதே வேறு என்ன பார்த்துவிடலாம்?

தாழ்வார வரிசையையும் முக்கோணச் சுவர் ஓர வரிசையையும் பாருங்கள். காற்று முதலில் பிடித்துத் தூக்குவது இந்த இரண்டையும்தான். பல ஓடுகளின் அடியில் கம்பி கோர்ப்பதற்கென்றே ஒரு துளை இருக்கும். ஓர வரிசைகளையாவது நாகம் பூசிய கம்பியால் சலாகையோடு கட்டிவிடுங்கள். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியபோது ஓடு பறந்த வீடுகளைப் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த அளவு காற்றை ஒரு கம்பி தடுக்காது. ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் வரும் சாதாரணப் புயல்காற்றுக்கு அது போதும்.

மழைநீர்ப் பீலியில் இலைச் சருகு இருந்தால் அள்ளிவிடுங்கள். முகட்டுச் சாந்தில் வெடிப்பு கண்டால் குறித்துக்கொண்டு மேசனிடம் சொல்லுங்கள், அது தனி வேலை.

ஏணியை எங்கே வைப்பது?

தாழ்வாரத்துக்கு அடியில் சுவரில் மூன்று முளை அடித்துக் கிடையாகத் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் கறையான் ஏறும். சுவரில் சாய்த்து வைத்தால் சட்டம் வளையும், பிள்ளைகளும் ஏறுவார்கள். கொக்கிக்குத் துருத்தடுப்பு வர்ணம் இரண்டு பூச்சு. மரத்துக்கு வர்ணம் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். வர்ணத்துக்கு அடியில் வெடிப்பு ஒளிந்துகொள்ளும்.

அயல் வீட்டார் இரவல் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுங்கள். வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும் பொருளை ஒரு வளவுக்கு ஒன்று வைத்திருப்பதுதான் நியாயம். ஆனால் கொடுக்குமுன் அவர்கள் வீட்டுக் கூரையின் சரிவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கொக்கியின் கோணம் உங்கள் முகட்டுக்கு உரியது. அவர்கள் கூரை அதைவிடத் தட்டையாக இருந்தால் குறுக்குக் கட்டை மட்டும் நுனியில் குத்தி நிற்கும். செங்குத்தாக இருந்தால் கட்டை ஓட்டைத் தொடாது. இரண்டு மூன்று பாகை வித்தியாசத்தைக் கட்டைக்கு அடியில் றப்பர் மடித்து வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் அவர்களுக்கென்று வேறொரு கொக்கிச் சோடி செய்து அதே ஏணியில் மாற்றிப் பூட்டலாம், போல்ற் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். திரும்பி வந்ததும் நட்டுகளை இறுக்கி, படிகளைத் தரையில் வைத்து மீண்டும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள்.